ஒற்றைச் செருப்பு

காலையில் கதவைத் திறந்தபோது வாசற்படியில் ஒரே ஒரு செருப்பு கிடந்தது. பெண்கள் போடுவது, வார் அறுந்திருந்தது. பூட்டுக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நேற்று மாலை நடிக்க வந்தவள் ஒற்றைச் செருப்போடு எப்படி வீடு போய்ச் சேர்ந்திருப்பாள் என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை.

அவருடைய தேவாலயச் சபையில், போதகருக்குத் துணையாகப் பொறுப்பேற்கும் மூப்பரைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போடுவதில்லை. குணத்தைப் பார்த்துத்தான் பொறுப்பைக் கொடுக்க வேண்டும் என்பது போதகரின் வாதம். ஒருவரை மூப்பராக்கலாம் என்று முடிவானதும், அவருக்குத் தெரியாமல் மூன்று சோதனைகள் நடக்கும். நடிப்பதற்கு ஆட்களைப் பக்கத்து ஊர்ச் சபையிலிருந்து அனுப்புவார்கள், முகம் தெரியாமல் இருக்க வேண்டுமே.

இந்த ஏற்பாடு பூட்டுக்காரருக்கு மிகவும் பிடித்திருந்தது. பூட்டையும் அப்படித்தான் சோதிக்க வேண்டும் என்பார். உள்ளே சின்னச் சின்ன ஊசிகள் வரிசையாக நிற்கும். சாவியின் பல் அவற்றைச் சரியான மட்டத்துக்குத் தூக்கினால்தான் உருளை சுழலும். தப்பான சாவிக்கு அது அசையக் கூடாது என்பதை எல்லாரும் பார்ப்பார்கள், சரியான சாவிக்குத் திறக்கிறதா என்று பார்க்க மறந்துவிடுவார்கள். எதற்குமே திறக்காத பூட்டு பத்திரமான பூட்டு இல்லை, பழுதான பூட்டு என்று வாடிக்கையாளர்களிடம் அலுக்காமல் விளக்குவார்.

மூப்பர் பதவி அவருக்குப் பல வருஷத்து ஆசை. அவருடைய அப்பாவுக்கே கிடைக்காமல் போனது அது.

முதல் சோதனை சுலபமாக முடிந்தது. ஒரு வாலிபன் சோப்புக்கட்டியில் பதித்த அச்சைக் கொண்டுவந்து, முதலாளி வீட்டுச் சாவி, அவருக்குத் தெரிய வேண்டாம் என்றான். முடியாது என்று அனுப்பிவிட்டார். அடுத்து ஒரு பெரியவர், கடை வாசலில் நின்றுகொண்டு, விற்ற பூட்டு மட்டம் என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். அது இவர் விற்ற பூட்டே இல்லை. இருந்தும் அவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பூட்டைச் சரிசெய்து தந்தார். ஞாயிற்றுக்கிழமை அந்த இருவரும் போதகர் வீட்டில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியே பார்த்ததும், இரண்டில் தேறிவிட்டோம் என்று புரிந்துகொண்டார்.

மூன்றாவது என்னவாக இருக்கும் என்பது சபையில் அரசல்புரசலாக எல்லாருக்கும் தெரியும். போன முறை டெய்லர் அதில்தான் விழுந்தார் என்று பேச்சு. வீட்டில் மனைவி இல்லாத நேரம் பார்த்து வந்த பெண்ணுக்கு, ஒரே சட்டைக்கு நாலு தடவை அளவெடுத்தாராம்.

"நம்ம வீட்டுக்கும் ஆள் வரும். டெய்லர் மாதிரி பல்லைக் காட்டிக்கிட்டு நிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பூட்டுக்காரரின் மனைவி தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். போவதைப் போதகரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

அன்று மாலையே, மழை வலுத்த நேரத்தில், கதவு தட்டப்பட்டது.

"அண்ணா, கதவத் திறங்க. ஒருத்தன் பின்னாடியே வரான்."

பூட்டுக்காரரின் கை தாழ்ப்பாள் வரை போனது. பிறகு சிரித்துக்கொண்டே கையை இழுத்துக்கொண்டார். குரலில் அந்த நடுக்கம்கூட எவ்வளவு கச்சிதம் என்று வியந்தார். அவள் இன்னும் பலமாகத் தட்டினாள். கொஞ்ச நேரம் உள்ளே நிற்க விட்டால் போதும் என்று கெஞ்சினாள்.

"உங்கள அனுப்பினவங்ககிட்ட, நான் திறக்கலன்னு சொல்லிடுங்கம்மா" என்று உள்ளே இருந்தபடியே மரியாதையாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு தட்டும் சத்தம் இல்லை. மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

இப்போது அந்தச் செருப்பைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு போதகரைப் பார்க்கக் கிளம்பினார். தெருவில் அங்கங்கே கூடி நின்றவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். புது மூப்பரைப் பற்றித்தான் பேச்சு என்று நினைத்துச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். நீளமான கழிகளோடு சிலர் வாய்க்கால் பக்கம் ஓடினார்கள். மழையில் அடைப்பு விழுந்திருக்கும் என்று எண்ணினார்.

போதகர் தன் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். உடுப்பெல்லாம் ஈரம், முழங்கால் வரை சேறு. தூங்காத கண்கள். பூட்டுக்காரர் பொட்டலத்தை மேசையில் வைத்துப் பிரித்தார். போதகர் அந்தச் செருப்பையே பார்த்தார்.

பூட்டுக்காரர் நடந்ததை ஒன்று விடாமல், வரிசையாக, தாழ்ப்பாள் வரை கை போனதையும் மறைக்காமல் சொன்னார். அந்த அம்மா நன்றாக நடித்தார்கள், செருப்பை அவர்களிடம் சேர்த்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அதன்பின் குரலைத் தாழ்த்தி, வெட்கத்தோடு கேட்டார்.

"மூணுலயும் தேறிட்டேனா, ஐயா?"

போதகர் அந்த அறுந்த வாரை விரலால் தொட்டார்.

"மூணாவது ஆள நாங்க இன்னும் அனுப்பவே இல்லையே, தம்பி."