அக்கராயன் ரீச்சர்

"உண்மையைச் சொல்லு தேனுகா. உனக்கு இதை ஆர் பழக்கினது?"

பீமின் மேல் கைகளை விரித்தபடி நின்ற பத்து வயதுத் தேனுகா, முகத்தைத் திருப்பாமலே சொன்னாள். "ஒருத்தரும் பழக்கேல்லை ரீச்சர்."

அருந்ததி நம்பவில்லை. பீம் என்பது அரைச் சாண் அகலச் சட்டம். அதன்மேல் குதியை உயர்த்தி, கால்விரல்களில் நின்று, மற்றப் பக்கம் திரும்ப வேண்டும். வெள்ளிக்கிழமை வரை தேனுகா அந்த இடத்தில் விழாத நாளில்லை. தோள் முந்தும், கால் பிந்தும், ஆள் மெத்தையில் கிடப்பாள். இன்று திங்கட்கிழமை. பிணைச்சலில் கதவு திரும்புகிற மாதிரித் திரும்பி நிற்கிறாள்!

இது முதல் தடவையும் அல்ல. போன கிழமை துள்ளல் இப்படித்தான் திருந்தி வந்தது.

கிளிநொச்சியில் ஜிம்னாஸ்ரிக் என்றால் அருந்ததி ரீச்சர்தான். அதில் ஊருக்கும் சந்தேகமில்லை, அவளுக்கும் சந்தேகமில்லை. தான் சொல்லிக் கொடுத்து வராத ஒன்று, தன் மாணவியின் காலுக்கு வேறு எங்கேயோ இருந்து வந்திருக்கிறது என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

"அடுத்த மாசம் மாகாணப் போட்டி. கண்டவையும் கண்டபடி பழக்கி, கால் முறிஞ்சால் ஆர் பதில் சொல்லுறது?"

தேனுகா பீமின் நுனிக்கு நடந்தாள். அழகாகக் குதித்து இறங்கினாள். அதுவும் திருந்தியிருந்தது.

அன்று பின்னேரமே அக்கராயனிலிருந்து கமலேஸ்வரி தொலைபேசியில் வந்தாள். தன் சின்ன மகளை அடுத்த மாதம் வகுப்பில் சேர்ப்பதாகச் சொல்லியிருந்தவள்.

"ரீச்சர், கோவிக்காதேங்கோ. ராஜினியை இப்ப அனுப்பேல்லை. இஞ்சை எங்கடை ஊரிலேயே ஒரு ரீச்சர் பழக்கிறாவாம்."

"ஆர் அவா?"

"நான் வேலையாலை வர இருட்டிப் போடும். ஆளைக் காணேல்லை. பிள்ளை 'ரீச்சர், ரீச்சர்' எண்டு ஒரே அவாவின்ரை கதைதான். நல்ல கண்டிப்பாம். சேட்டை விட்டால் தோப்புக்கரணமாம். வாய்க்கால் விளிம்பிலை ஏத்தி நடக்க விடுறாவாம்."

"கொங்கிறீற் விளிம்பிலையோ!"

அருந்ததிக்கு இப்போது எல்லாம் விளங்கியது. தேனுகாவும் அக்கராயன் பிள்ளைதான். புதுசாக வந்தவள் திருப்பம் மட்டும் பழக்கவில்லை, பொய்யும் சேர்த்துப் பழக்கியிருக்கிறாள்.

பயிற்சி மண்டபத்தின் மறுபக்கத்தில் கரப்பந்து பழக்கும் பிரதீபன் சேர் இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்தார். "என்ன ரீச்சர், உங்களுக்குப் போட்டிக்கு ஆள் வந்திட்டுது போலை?"

"வரட்டும் சேர். சனிக்கிழமை நேரை போய்க் கேக்கிறன். பீமுக்கும் வாய்க்கால் விளிம்புக்கும் வித்தியாசம் தெரியுமோ எண்டு கேக்கிறன்."

சனிக்கிழமை காலை ஸ்கூட்டியை எடுத்தாள். வழி நெடுக வசனங்களைத் தீட்டிக்கொண்டே போனாள். வாய்ப்பேச்சில் அருந்ததி ஒருவரிடமும் தோற்றதில்லை.

அறுவடை முடிந்த வயல்வெளி. தண்ணீர் இல்லாத வாய்க்காலின் விளிம்பில் ஒரு சின்னப் பெண் கைகளை விரித்து நடந்துகொண்டிருந்தாள். கீழே இன்னும் சிலர் வரிசையில் நின்றார்கள். அருந்ததி மருத மரத்தடியில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுப் பிழை தேடினாள்.

விளிம்பின் இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு வைக்கோல் பரப்பியிருந்தது. நடந்தவளின் பார்வை கீழே போகவில்லை. பாதம் நேராக விழுந்தது. தள்ளாடியபோது பதறிக் குதிக்காமல் முழங்காலை மடித்துச் சமாளித்தாள்.

'பழக்கினது விசயம் தெரிஞ்ச ஆள்தான்' என்று நினைத்தபோது அருந்ததிக்கு நெஞ்சு எரிந்தது.

"பிள்ளையள், உங்கடை ரீச்சர் எங்கை?"

"வைக்கோல் எடுக்கப் போயிட்டா" என்றாள் விளிம்பில் நின்றவள். அவள்தான் ராஜினி. "வைக்கோல் காணாட்டி எங்களை ஏற விடமாட்டா. விழுந்தா நோகக்கூடாதாம்."

"உங்கடை ரீச்சருக்கு எல்லாம் தெரியுமோ?"

"இல்லை, அவாவும் பிழை விடுறவா. எங்கடை பிழையைப் பாத்துத்தான் தன்ரை பிழையைக் கண்டுபிடிக்கிறவாவாம். போன கிழமை நான் திரும்பேக்கை என்ரை தோளைப் பாத்திட்டு, 'ஐயோ, நானும் இப்பிடித்தானே செய்யிறன்' எண்டு தலையிலை கை வைச்சவா."

அருந்ததிக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பிள்ளைகளைப் பார்த்துப் படிக்கிற ரீச்சர்! இந்த ஆளை இரண்டு கேள்வியில் மடக்கிவிடலாம்.

"ரீச்சர் வாறா! ரீச்சர் வாறா!"

பிள்ளைகள் ஓடிப்போய் வரிசையை நேராக்கினார்கள். வரம்பு வழியே பெரிய வைக்கோல் கட்டு ஒன்று ஆடி ஆடி வந்தது. அதைச் சுமந்து வந்தவரின் முகமும் தோளும் வைக்கோலுக்குள் மறைந்திருந்தன.

அருந்ததி சேலையைச் சரிசெய்துகொண்டு முன்னால் போய் நின்றாள். சண்டை பிடிக்க வந்தாலும் மரியாதை முக்கியம்.

"வணக்கம். இந்தப் பிள்ளையளுக்குப் பழக்கிறது நீங்களோ?"

கட்டு நின்றது. உள்ளே இருந்து தேனுகாவின் குரல் கொஞ்சமும் நடுங்காமல் வந்தது.

"ஓம் ரீச்சர், நான்தான்."