கன்டெய்னருக்குள் ஒரு கல்யாணம்

"பொண்ணு போச்சு. மாப்பிள்ளையும் போயாச்சு. தாலி எடுத்துக் குடுத்த ஐயரும் போயிட்டாரு" என்றார் மோகனராஜ். முகம் வெளுத்திருந்தது.

அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி சாந்தினி, கரண்டியோடு அறை வாசலுக்கு வந்தாள். "என்னாங்க சொல்றீங்க? எத்தன பேரு?"

"முந்நூத்தி எண்பது பேரு. ஒருத்தர்கூட மிச்சமில்ல. காலையில என் கையாலயே அழிச்சேன்."

மேசைக்கடியில் ரொட்டி டின் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அதுதான் படம், வீடியோ எல்லாம் சேர்த்து வைக்கும் மோகனராஜின் சர்வர். ஜெலுத்தோங்கில் அந்த அடுக்குமாடி வீட்டில் சாமிக்கு ஒரு அலமாரித் தட்டுதான். சர்வருக்குத் தனி அறை.

போன வருஷம் அவர் அக்கா ருக்குமணியின் ஒரே மகள் காமினிக்குக் கல்யாணம். வீடியோக்காரர் பென்டிரைவில் போட்டுத் தருகிறேன் என்றபோது மோகனராஜ் சிரித்தார். "இந்தக் காலத்துல யாரு பாஸ் பென்டிரைவ் வச்சிருக்கா? லிங்க அனுப்புங்க, என் சர்வர் எறக்கிக்கும்." லிங்க் வந்தது, சர்வர் இறக்கியது. ஒரு மாதத்தில் லிங்க் காலாவதியானது. வீடியோக்காரரும் தன்னிடமிருந்ததை அழித்துவிட்டார்.

"கன்டெய்னருக்குள்ள இருக்கு, யாரும் தொட முடியாதுன்னு சொன்னீங்களே?"

"அதான் கோளாறு. எறக்குற சாஃப்ட்வேருக்குன்னு தனியா ஒரு டப்பா மாதிரி, அதுதான் கன்டெய்னர். எறக்குனத வெளிய இருக்கிற டிஸ்க்குல போடுன்னு ஒரு வரி எழுதணும். நான் எழுதல. எல்லாம் டப்பாவுக்குள்ளயே கெடந்திருக்கு. இன்னிக்கு ஆளுங்க வர்றாங்களேன்னு புது வெர்ஷன் போட்டேன். பழைய டப்பாவத் தூக்கிப் போட்டாத்தான் புதுசு வரும்."

"துணியோட வாஷிங் மெஷினத் தூக்கிப் போட்டிருக்கீங்க."

அவர் தலையாட்டினார்.

"வேற யாராச்சும் காப்பி எடுத்திருப்பாங்களா?"

"எப்படி எடுப்பாங்க? உள்ள போகவே இருபத்து நாலு எழுத்து பாஸ்வர்டு. உனக்கே தெரியாது. செக்யூரிட்டின்னா சும்மாவா?" சொல்லும்போது, அந்தத் துக்கத்திலும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

காமினியின் முதல் கல்யாண நாளுக்கு விருந்து, பெரிய டிவியில் கல்யாண வீடியோ என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அறிவித்தவரும் அவர்தான். மணி பன்னிரண்டு. கதவு தட்டப்பட்டது.

சுங்கை பாக்காப்பிலிருந்து பாலம் கடந்து அக்கா ருக்குமணி வந்திருந்தார். கூடவே மாப்பிள்ளையின் அப்பா பழனியப்பன். காமினியும் மாப்பிள்ளையும் கோயிலுக்குப் போய்விட்டுப் பின்னால் வருகிறார்களாம்.

பழனியப்பன் ஜாதிக்காய்த் தண்ணியை ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். "தம்பி, நீங்க குரூப்புல சர்வர் அட்ரஸ் போட்ட அன்னிக்கே பார்த்துட்டேன். இப்பவும் மாசத்துக்கு ரெண்டு தடவ பார்த்துருவேன் லா. என்னா கிளியர். என் மீசையில நரை இருக்கிறதே அதுலதான் தெரிஞ்சது."

சம்பந்தி மாதம் இரண்டு முறை என்றபின் பெண்ணைப் பெற்றவள் சும்மா இருக்க முடியுமா? "நான் வாரா வாரம் பாக்குறேன் சம்பந்தி" என்றார் ருக்குமணி. "தாலி கட்டுற எடத்துல நிறுத்தி வச்சு அழுவேன்."

"நான் அழுவறது பொண்ண அனுப்பி வைக்கிற எடத்துல."

"அங்கயுந்தான் அழுவேன்."

ஒவ்வொரு சொல்லும் மோகனராஜின் நெஞ்சில் இறங்கியது. கரண்ட் இல்லை, டிவி கெட்டுவிட்டது என்று ஏதாவது சொல்லிப் பார்க்கலாம். ஆனால் அக்காவிடம் அவர் சொன்ன எந்தப் பொய்யும் இதுவரை கரையேறியதில்லை. பென்டிரைவை வேண்டாம் என்றதும் அவர்தானே. இனி அக்கா இந்த வாசலை மிதிப்பாளா?

"போடுங்க தம்பி. மறுபடி ஒருக்கா எல்லாருமா பாப்போம்" என்றார் பழனியப்பன்.

"அக்கா, ஒரு நிமிஷம் கிச்சனுக்கு வா."

சாந்தினி அடுப்பை அணைத்தாள். மோகனராஜ் டப்பா, டிஸ்க், எழுதாத அந்த ஒரு வரி என்று எல்லாவற்றையும் சொன்னார். பாதியில் குரல் உடைந்தது.

"ஒண்ணும் இல்லக்கா. திருப்பி எடுக்கவே முடியாது. நீ வாரா வாரம் பார்த்து அழுத கல்யாணத்த நான் அழிச்சிட்டேன். என்னைய என்ன வேணாலும் சொல்லிக்க."

ருக்குமணி தட்டிலிருந்து ஒரு அப்பளத்தை எடுத்து உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். கூடத்தில் பழனியப்பன், கேமரா தன் பக்கம் எப்படித் திரும்பியது, தான் எப்படிக் கும்பிட்டபடி நின்றார் என்று சுவரைப் பார்த்து விவரித்துக்கொண்டிருந்தார். அதை முழுதாகக் கேட்டு முடித்த பிறகு ருக்குமணி தம்பியின் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்தார்.

"அழுவாத. போயி எலையப் போடு." பிறகு கூடத்துக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"இந்த ஒரு வருஷத்துல உன் சர்வர் கேக்குற அந்தப் பாஸ்வர்ட நீ யாருக்குடா குடுத்த?"