கடைசி இரண்டு கெஜம்

பன்னிரண்டு விநாடிகள் பாக்கியிருந்தன. எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு இரண்டு கெஜம். அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் கோல்பியின் கல்லூரி மூன்று புள்ளி பின்தங்கியிருந்தது.

பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் ஆட்டம் சமனாகிவிடும். சான் அன்டோனியோ அரங்கில் இருந்த நாற்பதாயிரம் பேரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். உதைக்கிறவன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குள் இரண்டடி வைத்துவிட்டான்.

கோச் அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

அரங்கத்தில் கிளம்பிய கூச்சலில் கோல்பிக்குத் தன் குரலே கேட்கவில்லை.

ஆக, பந்தைக் கையில் கொண்டுபோய்க் கோட்டைத் தாண்டவேண்டும்; தாண்டினால் ஆறு புள்ளி, வெற்றி. ஒரே தடவை. தவறினால், பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் பவுல் ஆட்டம் ஒன்றை ஜெயித்து முப்பத்தொரு வருடமான கல்லூரி மறுபடியும் வெறுங்கையோடு ஐடஹோ திரும்பும்.

கோல்பி வரிசையின் நடுவில் குனிந்து நிற்பவன். கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் கொடுத்துவிட்டு, பாய்ந்து வருகிறவனை மார்பால் மறிப்பது அவன் வேலை. அவனுக்கு இடப்பக்கம் ஃபினாவ். டோங்காவிலிருந்து வந்து குடியேறியவர்களின் மகன், முந்நூற்றுப் பத்து பவுண்டு. நாலு வருடமாக இரண்டு பேருக்கும் ஒரே விடுதி அறை. யார் சட்டை யாருடையது என்பதே மறந்துபோயிருந்தது.

கோல்பி தன் தலைக்கவசத்தை அவனுடையதோடு ஒட்டவைத்தான்.

"தொண்ணூத்து நாலு. உனக்கு நேர் எதிர்ல நிக்கறான். நான் பந்தக் கொடுத்ததும் அவனை இடது பக்கம் தள்ளு."

ஃபினாவ் தலையாட்டினான்.

எதிரணியின் தொண்ணூற்று நாலாம் எண் சட்டைக்காரன் மத்தியானத்திலிருந்தே வாயை மூடவில்லை.

"என்னடா, ரெண்டு பேருக்கும் நிச்சயம் பண்ணியாச்சா? ஓயாம காதுலயே குசுகுசுக்கறீங்க?"

வேறொரு நாளாக இருந்தால் ஃபினாவ் அவன் வம்சத்தையே இழுத்திருப்பான். இன்று சும்மா சிரித்தான்.

கோல்பி பந்தைக் கொடுத்தான்.

ஃபினாவ் அப்படி எழுந்து யாரும் பார்த்ததில்லை. தொண்ணூற்று நாலின் கால்கள் தரையிலேயே பாவவில்லை. அவன் போன வேகத்தில் பின்னால் நின்ற இரண்டு பேர் சரிந்தார்கள். கோல்பியிடமிருந்து பந்தை வாங்கிய குவார்ட்டர்பேக் அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அந்தச் சந்தில் புகுந்தான். மேலே ஏழெட்டுப் பேர் விழுந்தார்கள்.

கோட்டைத் தாண்டியிருந்தது பந்தின் மூக்கு மட்டும்தான்.

குவியலுக்கு அடியில் மூச்சுத் திணறிக் கிடந்த கோல்பி, நடுவரின் இரண்டு கைகளும் மேலே உயர்வதைப் பார்த்தான்.

அரங்கின் ஒரு பாதி மைதானத்துக்குள் குதித்தது. மறு பாதி தலையில் கைவைத்தபடி நின்ற இடத்திலேயே நின்றது. தொண்ணூற்று நாலு மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உடைமாற்றும் அறையில் தண்ணீர் பறந்தது. வயிறு குலுங்க ஆடினார்கள். கோச் அழுதுகொண்டே ஒவ்வொருவனாகக் கட்டிப்பிடித்து வந்தார்.

ஃபினாவ் பெஞ்சில் உட்கார்ந்து, கழற்றி எறிந்திருந்த டேப்பை எடுத்து விரல்களில் மறுபடி சுற்றிக்கொண்டிருந்தான்.

"எப்ப வெளிய கூப்பிடுவாங்க?" என்று கேட்டான். "ஆட்டம் ஆரம்பிக்கற நேரமாச்சே."

பக்கத்தில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவன் சிரிக்கவில்லை. டேப்பின் நுனியைத் தேடிக்கொண்டிருந்தான்.

சிரிப்பு ஒவ்வொரு வாயாக நின்றது.

அணியின் டாக்டர் அம்மாள் ஓடிவந்து அவன் முன்னால் மண்டியிட்டார். சின்ன டார்ச்சை ஒரு கண்ணில் அடித்தார், மறு கண்ணில் அடித்தார். திரும்பவும் முதல் கண்ணுக்கு வந்தார். ஒரு கண்ணின் பாப்பா மற்றதைவிடப் பெரிதாக இருந்தது.

"ஸ்ட்ரெச்சர்" என்றார், குரலை உயர்த்தாமலே. "ஆஸ்பத்திரியில முதல்ல கேக்கறது இதைத்தான். அடி எப்பப் பட்டுது?"

"இப்பத்தான், அந்தக் கடைசி மோதல்ல" என்றார் கோச். அவர் கை கோல்பியின் தோளில் வந்து உட்கார்ந்தது. "அதுவரைக்கும் நல்லாத்தானே ஆடினான். இல்லையா கோல்பி?"

கோல்பி தலையாட்டினான்.

டாக்டர் மணியைப் பார்த்துக் கையுறையின் மேல் எழுதிக்கொண்டார். ஃபினாவைத் தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது. அவன் மறுப்பேதும் சொல்லவில்லை. யாரையும் அடையாளம் தெரியாத, மரியாதையான ஒரு புன்னகையோடு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தான். கோல்பியின் முகத்திலும் அந்தக் கண்கள் ஒரு நொடி நின்றன. அப்புறம் அடுத்தவனுக்குப் போயின.

ஸ்ட்ரெச்சர் கதவைத் தாண்டியது.

கோல்பி தோளிலிருந்த கையை உதறிவிட்டு, காலுறையோடு ஈரத் தரையில் ஓடி டாக்டரின் முழங்கையைப் பிடித்தான்.

"இப்ப இல்லைங்க. ரெண்டாவது குவார்ட்டர்ல, பாதி ஆட்டம் முடியறதுக்கு முன்னாலயே."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"என் பேர் என்னன்னு கேட்டான்."