பின்சீட்டு காலி

பனியன் கம்பெனியின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே அந்தப் பழைய ஸ்கூட்டர் வந்து நின்றதுமே தரணி நாற்காலியில் குறுகி உட்கார்ந்தாள். அவள் படிக்கும் ஓவியக் கல்லூரியில் அந்த வண்டியின் சத்தம் தெரியாதவர்கள் கிடையாது.

"போச்சு, புடிச்சுட்டாரு" என்று முனகிக்கொண்டு, மேசையில் கிடந்த பனியன் கேட்லாக்கை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள். அட்டையில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.

மகுடேஸ்வரன் சார் போன வெள்ளிக்கிழமை வரை அவளுக்குப் பிரின்சிபால். படம் போடத் தெரிந்த பிள்ளைகளைத் திருப்பூர் கம்பெனிகள் படிப்பு முடியும்வரை விட்டுவைப்பதில்லை. பனியனுக்கு டிசைன் போடப் பாதியிலேயே கூப்பிட்டுக்கொள்வார்கள். விஷயம் காதில் விழுந்ததும் சார் ஸ்கூட்டரை எடுப்பார். கம்பெனிக்கே போய் ஆளைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு திரும்புவார். அவரைத் தெரியாத வாட்ச்மேன் ஊரில் இல்லை.

பிரிவுபசார விழாவிலும் அதையேதான் பேசினார்கள். "சார் மட்டும் இல்லீன்னா நம்ம காலேஜுல கடைசி வருசமுன்னு ஒண்ணே இருந்திருக்காதுங்க" என்றார் தாளாளர் கிட்டுசாமி. சார் சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தரணி கை வலிக்கத் தட்டினாள். இனிமேல் பிடிக்க ஆளில்லை என்ற சந்தோஷம்.

அந்தத் தைரியத்தில்தான் இன்று இன்டர்வியூவுக்கு வந்திருந்தாள். மங்கலத்தில் இருக்கும் வீட்டாரிடம்கூடச் சொல்லவில்லை. இந்த வேலை கிடைத்துவிட்டால், அவள் போட்ட படம் எங்கோ ஒரு நாட்டில் யாருடைய நெஞ்சிலோ தெருவில் நடந்து போகும். கல்லூரியில் போட்டதெல்லாம் பீரோவுக்கு மேலேதான் கிடக்கிறது.

சார் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கக்கத்தில் நீளமாக ஒரு காகிதச் சுருள். தலைக்குப் புதிதாகச் சாயம் அடித்திருந்தார். காது மடலுக்கும் கொஞ்சம் அடித்திருந்தார்.

"அந்தப் பாப்பாவுக்குச் சடை உன்ற மாதிரியே இருக்குது கண்ணு. புஸ்தகத்தை எறக்கு."

தரணி எழுந்து நின்றாள். "வணக்கமுங்க சார். சும்மாதானுங்க வந்தேன்."

"சும்மா வந்துட்டுப் போறதுக்கு இதென்ன கோயிலா? உக்காரு."

பக்கத்து நாற்காலியில் தானும் உட்கார்ந்தார். சுருளை மடியில் வைத்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"உங்க கிளாஸ் முகிலன் வர்றானா?"

"இல்லீங்க சார்."

"பூங்குழலி? அவ கோடு நல்லா இருக்குமே."

"இங்க ஆள் எடுக்கறதே அவளுக்குத் தெரியாதுங்க. நா மட்டுந்தானுங்க சார்."

சார் நிம்மதியாக மூச்சு விட்டார். ஒரு ஆடுதான் பட்டியை விட்டுத் தப்பியிருக்கிறது என்ற நிம்மதி போலிருக்கிறது என்று தரணி நினைத்துக்கொண்டாள்.

"ரிட்டயர் ஆயிட்டீங்களே சார், இன்னும் எதுக்குங்க இந்த அலைச்சல்?"

"ஊட்டுல உக்காந்து பார்த்தேன் கண்ணு. எங்கூட்டம்மா வெங்காயத்தைக் கொண்டாந்து முன்னால வெச்சுட்டா. பிரஷ்ஷு புடிச்ச கையி, உரிக்க முடியுமா?" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "உள்ள போனா என்ன போடச் சொல்லுவாங்க, தெரியுமா? டைனோசரு. அதுக்கு ஒரு கூலிங்கிளாசு. சரக்கு வாங்கற வெளிநாட்டு பையரு 'இன்னும் சிரிக்கோணும்'பான். சிரிக்க வெச்சா 'பல்லு வேண்டாம்'பான்."

"டைனோசரு எனக்கு நல்லா வருமுங்க சார்."

"தெரியும். அதுதா எனக்குப் பயமே."

தரணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"இன்னும் ஒரு வருசந்தா. முடிச்சுப்போட்டு வந்தீன்னா இவங்களோட நீ பேரம் பேசலாம். இன்னைக்கே உள்ள போனா, எவ்வளவு நல்லாப் போட்டாலும் கடைசி வரைக்கும் பாதியில வந்த புள்ளைன்னுதா சொல்லுவாங்க." சார் கண்ணில் நீர் கோத்தது. விழாவில் பார்த்த அதே கண்ணீர். ஆனால் இது அவள் ஒருத்திக்காக.

நமக்காக வருத்தப்பட ஒரு ஆள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டால், படிப்பைப் பாதியில் விடுவது கஷ்டம். தரணி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"செரீங்க சார், நா காலேஜுக்கே போறேனுங்க. உங்க வண்டியிலயே வரட்டுங்களா?"

"இல்ல கண்ணு, நீ பஸ்ஸுல போயிரு. நா எம்டியைப் பார்த்து ரெண்டு வார்த்தை பேசோணும்."

எம்டிக்கு இன்று நன்றாக விழும் என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினாள். கேட் வரை போன பிறகுதான் தண்ணீர் பாட்டிலை நாற்காலிக்கு அடியில் விட்டுவந்தது ஞாபகம் வந்தது. திரும்ப ஓடி வந்து கதவைத் திறந்தாள்.

ரிசப்ஷனில் இருந்த பெண் கத்திக்கொண்டிருந்தாள். "டிசைனர் இன்டர்வியூவுக்கு வந்த மகுடேஸ்வரன் யாருங்க? உள்ள கூப்புடறாங்க."

சார் எழுந்தார். அவர் அவசரமாகச் சட்டையை இழுத்துவிட்டதில் மடியிலிருந்த சுருள் நழுவி, தரையில் பாதி விரிந்தது. அதில் கூலிங்கிளாஸ் போட்ட ஒரு டைனோசர், பல்லைக் காட்டாமல் சிரித்தது.

குனிந்து எடுத்து நிமிர்ந்தபோதுதான் கதவருகே நின்ற தரணியைப் பார்த்தார். சாயத்தையும் மீறிக் காது மடல் சிவந்தது.

"எடம் ஒண்ணுதா காலி, கண்ணு."