மாறி ஏறும் இடம்

சாய்ந்த வெயில் மேசை மேலிருக்கும் பொம்மை ரயில்பாதையில் விழுகிறது. அகலப் பாதைக்குப் பக்கத்திலிருந்து அட்டைமலை உச்சியிலுள்ள வீடு வரைக்கும், எலக்ட்ரீஷியன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு குறுகிய பாதையை ஒட்டுகிறார். வெளிநாட்டில் வேலை பார்க்கிற, இந்த வருஷமும் லீவு கிடைக்காத அவர் மனைவி, போன் திரைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிறாள். “ஏங்க, பெரிய வண்டியே வீடு வரைக்கும் போகாதா?” “எப்படிப் போகும்? தண்டவாளத்தோட அகலமே வேற. கீழ இறங்கி, சின்ன வண்டிக்கு மாறணும்.” “அப்ப நான் வந்தா, மூட்டை முடிச்சோட அங்க தனியாவா நிப்பேன்?” என்று சிரிக்கிறாள். அவர் சிரிக்கவில்லை. அவள் போன நாளிலிருந்து மலைவீட்டு வாசலில் நிற்கிற நக அளவு மனிதனை இடுக்கியால் மெல்லப் பெயர்க்கிறார். இரண்டு பாதைகளும் சந்திக்கும் பிளாட்பாரத்தில், பெரிய வண்டி வரும் பக்கம் முகத்தைத் திருப்பி அவனை நிறுத்துகிறார். பசை காய்ந்த பிறகும் விரலை எடுக்காமல் பிடித்திருக்கிறார்.