டீசல்காரர் வந்த காரணம்

கட்ச் உப்பளத்தில் டீசல் விற்கும் வேலாபாய் வருவதைக் கண்டதும் உப்பு விளைவிக்கும் கங்குபென் குடிசை வாசலுக்கு வந்தாள். பதினைந்து வருட வாடிக்கையை எப்படி முறிப்பது?

"இந்த வருஷம் எத்தனை பீப்பாய் இறக்கட்டும், பென்?"

"ஒண்ணுகூட வேணாம், பாய். தப்பா எடுத்துக்காதீங்க. உப்புத்தண்ணி இறைக்க சோலார் பம்பு போட்டாச்சு. டீசல்ல மிச்சமான காசை வெச்சு இன்னும் ரெண்டு பாத்தி எடுத்திருக்கோம். பம்பு ரிப்பேர் பண்ற வேலையும் எங்க பையன் அம்ரத்துக்குக் கைநிறைய வருது."

"அப்போ ஊர்ல சொன்னது நிஜந்தான்!" வேலாபாய் கயிற்றுக்கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"கோவமா, பாய்?"

"கோவமாவது! டீ போடுங்க. என் பொண்ணுக்கு அம்ரத்தைக் கேட்கத்தான் வந்தேன்."

கங்குபென் டீப் பாத்திரத்தோடு திரும்பிப் பார்த்தாள்.

"அவ ஒரே நிபந்தனைதான் போட்டா. 'டீசல் நாத்தமடிக்கிற வீட்டுக்கு மட்டும் என்னை அனுப்பாதீங்கப்பா. பொறந்த வீட்டுல மோந்ததே போதும்'னுட்டா!"