டிரில் மாஸ்டரின் இருதயம்

"ஏனுங்க, மறுபடியும் காலை ஆட்டறீங்களே! செத்த நேரம் சும்மா இருக்க மாட்டீங்களா?"

அடுப்படியிலிருந்து தெரசம்மாள் போட்ட சத்தத்தில் சூசைமாணிக்கத்தின் வலது கால் சட்டென்று நின்றது. இரண்டு நிமிஷம் கழித்து இடது கால் ஆட ஆரம்பித்தது.

சேலத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பது வருஷமாக டிரில் மாஸ்டர். ஐம்பத்து மூன்று வயதிலும், விடிந்தும் விடியாமலும் அஸ்தம்பட்டி வீட்டிலிருந்து ஏற்காடு மலை அடிவாரம் வரை நாலு மைல் ஓடுவார், ஓடியே திரும்புவார். வந்ததும் நூறு தண்டால், நூறு பஸ்கி. அப்படிப்பட்ட மனிதரைப் பத்து நாளாக ஈஸிசேரில் உட்கார வைத்தால் காலாவது ஆடாமல் என்ன செய்யும்?

எல்லாம் டாக்டரிடம் போய் வந்த பிறகு வந்த வினை. தண்டால் எடுக்கும்போது தோள்பட்டை பிசகிவிட்டதென்று புருஷனும் பெண்டாட்டியுமாகத்தான் போனார்கள். டாக்டர் தோளுக்குத் தைலம் கொடுத்தார். கையோடு தெரசம்மாளின் நெஞ்சிலும் குழாய் வைத்துப் பார்த்து, அவள் இருமலுக்கு மருந்து எழுதினார். பிறகு அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்த சூசைமாணிக்கத்தின் முகத்தில் ரத்தமே இல்லை.

"என் இருதயம் பலவீனமா இருக்குதாம் தெரசா. ஓடக்கூடாதாம், மேடு ஏறக்கூடாதாம், கனம் தூக்கக்கூடாதாம்."

"இத்தனை கசரத்துப் பண்ணின உடம்புக்கா?"

"அளவுக்கு மீறிப் பண்ணினதாலதானாம்."

அன்று பிடித்தது சனியன். அவள் கிணற்றுக்குப் போனால், "ராட்டினச் சத்தம் நெஞ்சுல இடிக்குது" என்று கத்துவார். தண்ணீர் கொண்டுவர ராமாயி என்று ஒருத்தியை ஏற்பாடு செய்தாயிற்று. மாவாட்டும் சத்தமும் ஆகாது. இட்லி கடையிலிருந்து வந்தது. "எம்பக்கத்துலயே உக்காரு. நீ எந்திரிச்சா நானும் எந்திரிச்சு ஓடிப்புடுவேன்" என்று மிரட்டல் வேறு. ஒரு இடத்தில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பழக்கமில்லாதவள் தெரசம்மாள். இரண்டு பேரில் யாருக்குத் தவிப்பு அதிகம் என்று சொல்வது கஷ்டம்.

பத்தாம் நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு இன்னாசிமேரி வந்தாள்.

"அக்கா, நாளைக்கு முதல் பஸ்ஸுல அடிவாரம் போயி, அங்கிருந்து நடந்தே மலையேறி மாதா கெபிக் கோயிலுக்குப் போறோம். நீங்களும் வாரீங்களா?"

"வாரேன்! இவருக்கு நல்லாகணும்னு, செருப்பில்லாம ஏறி வாரதா மாதாவுக்கு நேர்ந்திருக்கறேன்."

"போகக் கூடாது!"

மைதானத்தில் ஐந்நூறு பிள்ளைகளை நிறுத்துகிற குரல் அது. இன்னாசிமேரி சொல்லாமல் கொள்ளாமல் நழுவினாள்.

"உங்களுக்காகத்தானே போறேன்?" தெரசம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது.

"நீ மலைக்குப் போன நேரத்துல எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா? வேண்டாம் தெரசா. உன்னையக் கையெடுத்துக் கும்பிடறேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்குப் பாயை விரித்தாள். அதைச் சம்மதம் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார் சூசைமாணிக்கம்.

காலையில் கண் விழித்தபோது தலைமாட்டில் காப்பி மூடி வைத்திருந்தது. வாசலில் ராமாயி குடத்தோடு நின்றாள்.

"அம்மா எங்கே?"

"அவங்க முதல் பஸ்ஸுக்கே போயிட்டாங்க சாமி. ஐயாவை எந்திரிக்க உடாதேன்னு சொல்லிட்டுப் போனாங்க."

அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. சூசைமாணிக்கம் வேட்டியை மடித்துக் கட்டினார். "ஐயோ சாமி, ஓடாதீங்க! நெஞ்சு நின்னு போயிரும்!" என்று ராமாயி அலறிக்கொண்டே தெருமுனை வரை துரத்திப் பார்த்தாள். அதற்குள் அவர் கோரிமேட்டுப் பக்கம் திரும்பிவிட்டார்.

அடிவாரம் தாண்டி, இரண்டாவது வளைவில் ஒரு புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள் தெரசம்மாள். கூட வந்தவர்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டு முன்னே போய்விட்டார்கள். திபுதிபுவென்று காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

"அட மாதாவே! ஓடியா... வந்தீங்க? மேட்டுல... வேற ஏறி... உங்களுக்கு அறிவு... இருக்குதா?"

"மாரு படபடன்னு அடிக்குது தெரசா. இதுக்கு மேல ஒரு அடி வெக்க முடியாது. உக்காரு. மெதுவா என்னையக் கீழே கூட்டிட்டுப் போயிரு."

அவள் பதறிப்போய் உட்கார்ந்தாள். அவர் தலையை மடியில் கிடத்தி முந்தானையால் விசிறினாள். "நான் பாவி... சொன்ன பேச்சைக் கேக்காம வந்தேனே... இனி எங்கியும் போகலீங்க..." என்று விம்மினாள். வியர்வை அவள் நெற்றியிலிருந்து வழிந்து அவர் கன்னத்தில் விழுந்தது.

நாலு மைல் ஓடி, மேடும் ஏறி வந்தவருக்கு மூச்சு வாங்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, அவளுடைய மூச்சு எப்போது சீராகும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கதவைச் சாத்திவிட்டு டாக்டர் அன்று சொன்னது இதுதான்: "உங்க உடம்பு இரும்பு மாஸ்டர், இன்னும் இருபது வருஷம் ஓடலாம். உங்க சம்சாரத்தோட இருதயம்தான் ரொம்ப மோசமா இருக்கு. அது அவங்களுக்குத் தெரிஞ்சா, அந்தப் பயத்தைக்கூடத் தாங்காது."